ஹார்லெம் ஸ்டூடியோ மியூசியம் ரெசிடென்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன திட்டம்?

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125ஆம் தெருவில் இருக்கிறது ஸ்டூடியோ மியூசியம். ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்களின் படைப்புகளுக்காக 1968இல் தொடங்கிய அருங்காட்சியகம். வளர்ந்துவரும் கலைஞர்களை, வழக்கமாக ஆண்டுக்கு மூன்று பேரை, தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு ஸ்டூடியோவும் உதவித்தொகையும் பொருள் வாங்கப் பணமும் கொடுத்து 11 மாதம் வேலை செய்ய விடுகிறார்கள். முடிவில் மூவரின் புதிய படைப்புகளையும் வைத்துக் கண்காட்சி நடக்கும். டேவிட் ஹாமன்ஸ், கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல், ஜூலி மெஹ்ரெட்டு, கெஹிண்டே வைலி, மிக்கலீன் தாமஸ், சிமோன் லீ எல்லாரும் இந்த அறைகளில் இருந்து போனவர்கள்தான்.

பெயரில் 'ஸ்டூடியோ' எப்படி வந்தது?

இந்தத் திட்டத்தால்தான் வந்தது. வில்லியம் டி. வில்லியம்ஸ் அப்போதுதான் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருந்த இளம் ஓவியர். முடிந்த படைப்புகளை மாட்டிவைப்பதோடு நிற்காமல், அதே கூரையின் கீழ் கலைஞர்கள் வேலையும் செய்ய வேண்டும் என்று யோசனை எழுதிக் கொடுத்தவர் அவர். முதல் இடம் ஐந்தாம் அவென்யூ 2033ஆம் எண்ணில், ஒரு மதுக்கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடி. 1968 செப்டம்பரில் டாம் லாய்டின் மின்விளக்குப் படைப்புகளோடு திறந்தார்கள். உருவம் எதுவும் கிடையாது, வண்ண விளக்குகள் மாறி மாறி எரியும், அவ்வளவுதான். 'இதில் கறுப்பினக் கலை எங்கே இருக்கிறது?' என்று அன்றே வாக்குவாதம் கிளம்பியது.

இந்தப் பழைய கதை விண்ணப்பிப்பவருக்கும் உதவும். அருவ ஓவியம் செய்பவர்கள் பலர் 'என் படத்தில் மனித உருவமே இல்லையே, எடுப்பார்களா' என்று தயங்கி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். திட்டத்தை எழுதியவரே வடிவியல் அருவ ஓவியர். முதல் கண்காட்சியும் அருவம். தயக்கத்துக்கு இடமே இல்லை.

'வளர்ந்துவரும் கலைஞர்' என்றால் எத்தனை வயதுக்குள்?

வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைலி 2001இல் உள்ளே வந்தபோது 24 வயது. மார்ஷல் 1985இல் வந்தபோது 30. சிமோன் லீ 2010இல் நாற்பதைத் தாண்டியிருந்தார். பிறகு 2022இல், இத்தாலியில் நடக்கும் உலகக் கலைவிழாவான வெனிஸ் பியனாலேயில் அமெரிக்க அரங்கில் தனிக் கண்காட்சி வைத்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பார்ப்பது இரண்டு விஷயம்: தொடர்ந்து வேலை செய்து வருகிறீர்களா, பெரிய அங்கீகாரங்கள் ஏற்கெனவே வந்துவிட்டனவா. முக்கிய அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி முடித்தவரை 'வளர்ந்துவரும்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களையும் எடுப்பதில்லை. பட்டம் வாங்கிவிட்டு வாருங்கள்.

யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம்? தமிழர்கள்?

ஆப்பிரிக்க, ஆப்ரோ-லத்தீன் வம்சாவளிக் காட்சிக் கலைஞர்களுக்கான திட்டம் இது. நியூயார்க்கில் இருப்பவர், அமெரிக்காவில் வேறு ஊரில் இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் என்று பாகுபாடு இல்லை. நைஜீரியாவில் பிறந்த ஞிடேகா அகுன்யிலி கிராஸ்பியும் கென்யாவில் பிறந்த வாங்கேச்சி முட்டுவும் இங்கே இருந்தவர்கள்தான். அந்த வம்சாவளி இல்லாத தமிழ்க் கலைஞருக்கு இதில் இடமில்லை. ஆனால் கீழே படம் எடுப்பது, கேலரியோடு பேசுவது பற்றிச் சொல்லியிருப்பதெல்லாம் எந்த ரெசிடென்சிக்கும் பொருந்தும்.

ரெசிடென்சி என்கிறார்களே, தங்க இடம் உண்டா?

கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். கிடைப்பது வேலை செய்யும் அறை. படுக்க இடம் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் வீடு பார்க்கும்போது முதல் முட்டுக்கட்டை ஒரு கணக்கு. மாத வாடகையைப்போல 40 மடங்கு ஆண்டு வருமானம் காட்டச் சொல்வது அங்கே வழக்கம். 1,500 டாலர் வாடகை என்றால் 60,000 டாலர் வருமானம். அது இல்லாவிட்டால் 80 மடங்கு வருமானம் உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். உதவித்தொகையை மட்டும் நம்பி வருபவருக்கு இரண்டுமே எட்டாது. ஆகவே சொந்தப் பெயரில் குத்தகை எடுக்கப் பார்க்காமல், ஏற்கெனவே குத்தகை வைத்திருப்பவரிடம் ஓர் அறையை 11 மாதத்துக்கு உள்வாடகைக்கு எடுப்பதே நடைமுறை. வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். ஹார்லெமிலேயே வேண்டும் என்பதில்லை. 2ஆம் எண் ரயிலின் வழித்தடத்தில் பிராங்க்ஸில் இருந்தால் நேராக 125ஆம் தெருவில் இறங்கிவிடலாம்.

பார்க்கிற வேலையை விட வேண்டுமா?

வாரத்துக்கு 20 மணி நேரமாவது ஸ்டூடியோவில் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பகுதிநேர வேலையோடு இதைச் சமாளிக்கலாம். முழுநேர வேலையோடு முதல் இரண்டு மாதம் ஓடும், மூன்றாவது மாதம் நின்றுவிடும். காரணம் மணிக்கணக்கு மட்டுமில்லை. கியூரேட்டர்களும் (கண்காட்சிகளைத் தொகுப்பவர்கள்) எழுத்தாளர்களும் ஸ்டூடியோ பார்க்க வருவது வேலைநாள் பகலில். அந்த நேரத்தில் அறை பூட்டியிருந்தால் திட்டத்தின் பாதிப் பலன் போயிற்று.

படைப்புகளைப் படம் எடுப்பது எப்படி?

இதில்தான் அதிக விண்ணப்பங்கள் சறுக்குகின்றன. தேர்வுக் குழு முதலில் பார்ப்பது உங்கள் ஓவியத்தையல்ல, அதன் படத்தை. அதுவும் ஒரு படத்துக்குச் சில வினாடிதான்.

ஓவியத்தைச் சுவரில் நேராக மாட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, லென்ஸ் ஓவியத்தின் நடுப்புள்ளி உயரத்துக்கு வரும்படி வையுங்கள். ஒரே வகையான இரண்டு விளக்குகள், இருபுறமும் 45 பாகை கோணத்தில், இரண்டும் சம தூரத்தில். விளக்கின் நிறவெப்பம் 5,000 முதல் 5,500 கெல்வினுக்குள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, ஜன்னலை மறைத்துவிடுங்கள். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, இரண்டு வினாடி டைமர். 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் வேண்டாம், விளிம்புகள் வளையும்.

இதுவரை எல்லாருக்கும் பொது. இனி வருவது இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். கருமையான ஓவியத்தைத் தானியங்கி அளவில் எடுத்தால் கேமரா அதைக் கெடுத்துவிடும். எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் குணம். கரிய சருமத்தை ஆழமான கறுப்பில் தீட்டியிருப்பீர்கள், படத்தில் அது வெளிறிய சாம்பலாக நிற்கும். மார்ஷலின் உருவங்களை நினைத்துப் பாருங்கள். ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்று வெவ்வேறு கறுப்புகளை வைத்து அவர் சருமத்தைக் கட்டுகிறார். ஒன்று கொஞ்சம் சூடாக, ஒன்று குளிர்ச்சியாகத் தெரிவதில்தான் அந்த உருவத்தின் கனமே இருக்கிறது. தானியங்கி கேமரா அந்த வித்தியாசத்தை அடித்துத் தரைமட்டமாக்கிவிடும்.

வழி எளிது. ஓவியம் இருக்கும் இடத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்றைப் பிடித்து, அதை வைத்து வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்டிவிடுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு எடுங்கள். எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு அடித்தால் லென்ஸில் துருவமாக்கும் ஃபில்டர் (போலரைசர்) போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் விளக்குகளுக்கு முன்னாலும் துருவமாக்கும் தாள் வையுங்கள். கறுப்பின் மேல் விழும் பளபளப்புப் படத்தில் தூசி போலத் தெரியும்.

கோப்பை ஜெபெக்காக, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், நீளப்பக்கம் சுமார் 2,000 பிக்சலில் சேமியுங்கள். படிவம் வேறு அளவு சொன்னால் அதன்படி. கோப்பின் பெயர் வரிசை எண்ணில் தொடங்கட்டும். 'ஃபைனல் புதுசு 2' என்ற பெயரில் வரும் கோப்புகள் வரிசை மாறிக் கிடக்கும். சிற்பம் என்றால் முழுத் தோற்றம் ஒன்று, நெருக்கத்தில் ஒன்று, பக்கத்தில் ஆளோ கதவோ தெரிய அளவு புரியும்படி ஒன்று. வீடியோவில் தலைப்பு அட்டையை ஓடவிடாமல் நல்ல பகுதியிலிருந்தே தொடங்குங்கள். கடவுச்சொல் போட்டிருந்தால் அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எந்தப் படைப்புகளை அனுப்புவது?

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்தவை. பத்து ஆண்டுகளின் 'சிறந்தவை' தொகுப்பு வேண்டாம். கல்லூரியில் செய்த ஒன்று, நடுவில் ஒன்று, போன மாதம் ஒன்று என்று கலந்தால் மூன்று வெவ்வேறு ஆட்கள் மாதிரி இருக்கும். இந்தத் திட்டத்தில் கொடுப்பது அறையும் நேரமும். அந்த அறையில் அடுத்து என்ன நடக்கும் என்று குழுவுக்குத் தெரிய வேண்டும். கடைசி இரண்டு படங்கள் அந்தத் திசையைக் காட்டட்டும், கொஞ்சம் முரட்டுத்தனமாக, முடியாததுபோல இருந்தாலும் பரவாயில்லை.

கலைஞர் கூற்றில் (உங்கள் வேலையைப் பற்றி நீங்களே எழுதும் குறிப்பு) என்ன எழுத வேண்டும்?

என்ன பொருள், என்ன அளவு, எப்படிச் செய்கிறீர்கள், எதற்காக. இந்த வரிசையில். 'அடையாளம், நினைவு, இடப்பெயர்வு ஆகியவற்றை ஆராய்கிறேன்' என்று தொடங்கும் கூற்றுகளைக் குழு ஒரு நாளில் நூறு படித்திருக்கும். 'பாட்டி விட்டுப்போன படுக்கை விரிப்புகளைக் கிழித்துத் தார் பூசி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறேன்' என்று தொடங்கினால் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அடையாளமும் நினைவும் அவருக்கே புரிந்துவிடும்.

அப்புறம், ஹார்லெம் ஏன் என்பதற்குப் பதில் வேண்டும். 'கறுப்பினப் பண்பாட்டின் தலைநகரம்' என்று எழுதுவது பதில் ஆகாது. அங்கே யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எந்த ஆவணத்தைப் புரட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். 135ஆம் தெருவில் இருக்கும் ஷாம்பர்க் மையம் நியூயார்க் பொது நூலகத்தின் ஆய்வு நூலகம். கறுப்பின வரலாற்றுக் கையெழுத்துப் படிகளும் புகைப்படங்களும் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஸ்டூடியோவிலிருந்து நடந்தே போகலாம். ஆவணங்களை வைத்து வேலை செய்பவர் அதைக் குறிப்பிடாமல் விட்டால் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றுதான் படும்.

பரிந்துரை யாரிடம் வாங்குவது?

பெயர் பெற்றவரைவிட உங்கள் ஸ்டூடியோவுக்குள் வந்து பார்த்தவர் மேல். கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே கூற்றையும் படங்களையும் அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல் போதும்.

ஹார்லெமில் இருப்பது வேலையை உண்மையிலேயே மாற்றுமா?

மாற்றியிருக்கிறது. வைலி இங்கே இருந்த ஆண்டில் ஹார்லெம் தெருவில் கசங்கிக் கிடந்த தாள் ஒன்றை எடுத்தார். காவல்துறை எடுத்த ஓர் இளைஞனின் முகப்படமும் விவரங்களும் அதில் இருந்தன. இதுவும் ஓர் உருவப்படம்தானே, ஆனால் இதில் இருப்பவனுக்கு எப்படி நிற்பது, எப்படித் தெரிவது என்பதில் பேச்சே இல்லையே என்ற யோசனையிலிருந்து அவருடைய போக்கு திரும்பியது. 125ஆம் தெருவில் போகிற இளைஞர்களை நிறுத்திப் பேசி, பழைய ஐரோப்பியப் பிரபுக்களின் தோரணையில் அவர்களை வரையத் தொடங்கினார். ஒபாமாவின் உருவப்படம் 2018இல் திரை விலகும்வரை போனது அந்தப் பாதை.

2015இல் வந்த ஜோர்டன் கஸ்டீல் வேறு விதம். மாலையில் கேமராவோடு நடந்து, நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசிப் படம் எடுத்துவந்து பெரிய கித்தானில் தீட்டினார். லெனாக்ஸ் அவென்யூவில் சில்வியாஸ் உணவகத்துக்கு வெளியே இசைத்தட்டு விற்றவர் அவர் வரைந்தவர்களில் ஒருவர். தெருவிளக்கின் மஞ்சளும் கடைப்பலகையின் பச்சையும் சருமத்தில் விழுவதை அப்படியே பிடித்திருப்பார்.

இப்படிச் செய்ய நினைப்பவர்கள் ஒப்புதல் கடிதம் ஒன்றை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். ஒரு பக்கம் போதும். படம் எதற்கு, எங்கே காட்டப்படும், விற்கப்படலாம் என்பது மூன்றும் அதில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்த மனிதரைத் தேடி அலைவது பெரும்பாடு.

வெளிநாட்டவருக்கு விசா?

சுற்றுலா விசாவில் வந்து உதவித்தொகை வாங்க முடியாது. பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1, அசாதாரணத் திறமைக்கான ஓ-1 என்று இரண்டு வழி பேசப்படும். ஜே-1க்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று ஆதரவு தர வேண்டும். ஓ-1க்குப் பத்திரிகை விமர்சனம், விருது, கண்காட்சிப் பட்டியல் என்று கட்டுக்கட்டாகச் சான்று வேண்டும். வளர்ந்துவரும் கலைஞருக்கு அது இயல்பாகவே கஷ்டம். நேர்காணலிலேயே விசா நிலைமையைச் சொல்லிவிடுங்கள். தேர்வான பிறகு சொன்னால் தொடங்கும் தேதிக்குள் காகிதம் வந்து சேராது.

உதவித்தொகைக்கு வரி உண்டா?

உண்டு. பட்டப்படிப்பில் இல்லாதவர் வாங்கும் இப்படிப்பட்ட உதவித்தொகை (ஃபெல்லோஷிப்) முழுவதும் அமெரிக்காவில் வரிக்குரிய வருமானம். சம்பளத்தில் பிடிப்பதுபோல அமெரிக்கருக்கு முன்கூட்டியே பிடிக்க மாட்டார்கள். அதனால் பணம் முழுசாக வந்ததுபோலத் தோன்றும், ஏப்ரலில் அடி விழும். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணையில் உத்தேச வரி கட்டிவிட வேண்டும். மத்திய வரி, மாநில வரி, நியூயார்க் நகர வரி என மூன்றும் சேரும். வரும் ஒவ்வொரு தொகையிலும் கால்பங்கை வேறு கணக்கில் போட்டுவையுங்கள். வண்ணம், மரச்சட்டம், அச்சு, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள், கணக்காளருக்கு வேண்டும். வெளிநாட்டவருக்கு விசா வகையைப் பொறுத்து 14 அல்லது 30 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். நாட்டுக்கு நாடு வரி ஒப்பந்தம் இருந்தால் அது மாறும்.

ஓப்பன் ஸ்டூடியோ அன்று என்ன செய்வது?

பொதுமக்களும் சேகரிப்பாளர்களும் கேலரிக்காரர்களும் ஒரே நாளில் உள்ளே வருவார்கள். அறையைக் கண்காட்சிக்கூடம்போலத் துடைத்துவைக்க வேண்டாம், ஆனால் ஈர வண்ணத்தை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி பேசினால் தொண்டை போய்விடும். மூன்று வாக்கியத்தில் வேலையைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். விலை கேட்டால் அங்கேயே வாயில் வந்ததைச் சொல்லாதீர்கள். 'மின்னஞ்சல் கொடுங்கள், பட்டியல் அனுப்புகிறேன்' என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு தடவை சொன்ன குறைந்த விலை எல்லாக் காதுக்கும் போய்விடும், பிறகு ஏற்றுவது கடினம்.

நடுவிலேயே கேலரி வந்து கேட்டால்?

இந்தத் திட்டத்தின் பெயர் அப்படிப்பட்டது, கேட்பார்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஆண்டிறுதிக் கண்காட்சிக்குப் படைப்பே இல்லாமல் முழிக்கக் கூடாது. கண்காட்சிக்கானவற்றை முதலில் ஒதுக்குங்கள். கேலரிக்குப் பாதி, கலைஞருக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். சட்டகம், வார்ப்பு, போக்குவரத்துச் செலவு யார் தலையில், அது பாதி பிரிப்பதற்கு முன்னா பின்னா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெண்கலச் சிற்பத்தில் இந்த ஒரு வரியால் ஆயிரக்கணக்கான டாலர் கை மாறும். நியூயார்க் மாநிலச் சட்டப்படி, விற்றுத் தரச் சொல்லி ஒப்படைத்த படைப்பு விற்றால் உங்கள் பங்கைக் கேலரி உங்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பணமாகத்தான் கருத வேண்டும், தன் கடை வாடகைக்கு எடுக்க முடியாது. படைப்பு விற்றாலும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், எழுதிக் கொடுத்தால் ஒழிய.

நான் கவிஞர். விண்ணப்பிக்கலாமா?

இது காட்சிக் கலைஞர்களுக்கு மட்டும். கறுப்பினக் கவிஞர்களுக்கு 1996இல் டாய் டெரிகாட்டும் கொர்னீலியஸ் எடியும் தொடங்கிய கேவ் கேனம் என்ற அமைப்பு இருக்கிறது.

இங்கே கிடைக்கவில்லை என்றால்?

மூன்று இடத்துக்கு உலகமே விண்ணப்பிக்கிறது. கிடைக்காததை வைத்து வேலையை எடைபோட வேண்டாம். அடுத்த ஆண்டு மறுபடி அனுப்புங்கள், அதே படங்களை மட்டும் அனுப்பாதீர்கள். இங்கிருந்து போனவர்களே நடத்தும் இடங்களும் உண்டு. டைட்டஸ் கஃபார் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் இணைந்து நிறுவிய நெக்ஸ்ட் ஹேவன் என்ற அமைப்பு கலைஞர்களோடு கியூரேட்டர்களையும் எடுக்கிறது, உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் அவர்களிடம் தொழில் பழகுகிறார்கள். வைலி செனகலின் டக்காரில் 2019இல் தொடங்கிய பிளாக் ராக் என்ற ரெசிடென்சியில் தங்கவும் இடம் தருகிறார்கள்.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்களாமே?

ஆமாம். வங்கிக் கட்டடமாக இருந்ததைக் கட்டடக் கலைஞர் ஜே. மேக்ஸ் பாண்ட் மாற்றியமைத்துக் கொடுக்க, 1982 முதல் மியூசியம் அதில் இருந்தது. 2018 ஜனவரியில் மூடினார்கள். அதே மனையில் எழுந்த புதிய கட்டடம் 2025 நவம்பர் 15 அன்று திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் ரெசிடென்சி நிற்கவில்லை. ஆண்டிறுதிக் கண்காட்சிகளை குயின்ஸில் உள்ள மோமா பிஎஸ்1 (நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கிளை) ஏற்றுக்கொண்டது. புதிய கட்டடத்தைத் திறந்தபோது டாம் லாய்டின் விளக்குகளை மறுபடி ஏற்றினார்கள். ரெசிடென்சியில் இருந்தவர்களின் படைப்புகளைத் திரட்டித் தனிக் கண்காட்சியும் வைத்தார்கள்.

விண்ணப்பிக்கும் முன் போய்ப் பார்க்கலாமா?

கட்டாயம் பாருங்கள். முகவரி மேற்கு 125ஆம் தெரு, எண் 144. 2 அல்லது 3ஆம் எண் ரயிலில் 125ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கினால் லெனாக்ஸ் அவென்யூ. அங்கிருந்து மேற்கே அப்போலோ அரங்கம் இருக்கும் பக்கமாக நடந்தால் அடுத்த குறுக்குச் சாலைக்கு முன்பே வந்துவிடும். சிவப்பு, கறுப்பு, பச்சையில் ஹாமன்ஸ் செய்த கொடியைப் பார்த்தால் வந்துசேர்ந்துவிட்டீர்கள்.